தேசியப் பாதுகாப்பு உத்தி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதுகாப்புக் கொள்கை பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. கேட்பவர்களில் மாணவர்கள் இருக்கிறார்கள், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், செய்தியில் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு "இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேள்விகளை அவரவர் கேட்ட வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

தேசியப் பாதுகாப்பு உத்தி என்றால் என்ன? போர்த் திட்டமா?

இல்லை. எந்தப் படைப்பிரிவு எந்த எல்லைக்குப் போகும், எந்த ஏவுகணை எங்கே நிற்கும் என்பது பற்றி இதில் ஒரு வரிகூட இருக்காது. எதைக் காப்பாற்ற நினைக்கிறோம், அதற்கு யாரால் எதனால் ஆபத்து, சமாளிக்கக் கையில் என்ன இருக்கிறது, இருப்பதை வைத்து எதை முதலில் செய்யப்போகிறோம் என்று ஓர் அரசு தன் பெயரைப் போட்டுச் சொல்வதுதான் இந்த ஆவணம்.

கையில் இருப்பது ராணுவம் மட்டுமல்ல. தூதரகங்கள், உளவுத்துறை, வணிக உறவுகள், தொழில்நுட்பம், பொது சுகாதாரம் எல்லாம் இதில் சேரும். ஜெர்மனி 2023 ஜூன் மாதத்தில் தன் முதல் உத்தியை வெளியிட்டபோது எரிசக்தி, உணவு, பருவநிலை, மூலப்பொருள் வரத்து எல்லாவற்றையும் பாதுகாப்பின் பகுதியாகவே பேசியது. முந்தைய ஆண்டு ரஷ்ய எரிவாயு நின்றுபோன அனுபவம் அதற்குப் பின்னால் இருந்தது.

பாதுகாப்பு உத்தி, ராணுவ உத்தி, வெள்ளை அறிக்கை, கோட்பாடு... தலை சுற்றுகிறது. எதற்குக் கீழே எது?

அமெரிக்காவை வைத்துப் புரிந்துகொள்வது சுலபம். மேலே அதிபரின் தேசியப் பாதுகாப்பு உத்தி. அதற்குக் கீழே பாதுகாப்புத் துறை எழுதும் தேசியப் படைத்துறை உத்தி. அதற்கும் கீழே முப்படைத் தளபதிகள் குழுவின் தலைவர் எழுதும் ராணுவ உத்தி. மேலே போகப் போக அரசியல், கீழே வர வர ராணுவம்.

மற்ற நாடுகளில் பெயர்கள் மாறும். பிரான்ஸ் 1972, 1994, 2008, 2013 ஆண்டுகளில் வெள்ளை அறிக்கை வெளியிட்டது, 2017க்குப் பிறகு அதற்கு உத்தி மறுஆய்வு என்று பெயர் வைத்தது. சீனா 1998 முதல் பாதுகாப்பு வெள்ளை அறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. கோட்பாடு என்பது பெரும்பாலும் ஏதோ ஒரு துறைக்கோ ஆயுதத்துக்கோ மட்டும் வகுத்த விதி, அணு ஆயுதக் கோட்பாடு மாதிரி. அட்டையில் இருக்கும் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கையெழுத்துப் போட்டவர் யார் என்று பாருங்கள், ஆவணம் எந்தப் படியில் நிற்கிறது என்பது தெரிந்துவிடும்.

யார் உட்கார்ந்து எழுதுகிறார்கள்? அதிபரா, அதிகாரிகளா, நிபுணர்களா?

பெரும்பாலும் தலைமை நிர்வாகிக்கு நெருக்கமான சிறிய அதிகாரிகள் குழு. வாஷிங்டனில் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் ஊழியர்கள் வரைவு எழுதுவார்கள், அது துறை துறையாகச் சுற்றி வரும். வெளியுறவுத் துறை ஒரு பத்தியைச் சேர்க்கும், நிதித் துறை ஒரு வாக்குறுதியைத் தளர்த்தச் சொல்லும், பாதுகாப்புத் துறை ஒரு சொல்லைக் கூர்மையாக்கக் கேட்கும். கடைசியில் அதிபர் முன்னுரையில் கையெழுத்திடுவார்.

இன்னொரு வழி, வெளியாட்களிடம் ஒப்படைப்பது. ஆஸ்திரேலியா 2022ல் முன்னாள் முப்படைத் தலைவர் ஆங்கஸ் ஹூஸ்டனையும் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஸ்டீபன் ஸ்மித்தையும் தன் பாதுகாப்பு நிலையை ஆராயச் சொன்னது. பிரிட்டன் 2024ல் நேட்டோவின் முன்னாள் பொதுச்செயலாளர் ஜார்ஜ் ராபர்ட்சன் தலைமையில் ஒரு குழுவை அமர்த்தியது, அறிக்கை 2025 ஜூனில் வந்தது. துறைகளுக்குள் இருப்பவர்கள் சொல்லத் தயங்குவதை வெளியாள் சொல்லிவிடலாம் என்பது இதில் இருக்கும் வசதி. ஆனால் சொன்னதை நிறைவேற்ற வேண்டியவர்கள் உள்ளே இருப்பவர்கள்தானே? எழுதும்போது அவர்களையும் உட்கார வைக்காத அறிக்கை அலமாரிக்குத்தான் போகும்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு 1953ல் ஐசன்ஹோவர் செய்தது. சோவியத் ஒன்றியத்தை எப்படிக் கையாள்வது என்பதில் ஒருமித்த கருத்தை அவர் முதலிலேயே தேடவில்லை. மூன்று குழுக்களை அமைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பாதைக்காக முழு மூச்சாக வாதாடச் சொன்னார். ஒரு குழு கட்டுப்படுத்தி நிறுத்தும் கொள்கைக்காக, அடுத்தது கோடு கிழித்து எச்சரிக்கும் கொள்கைக்காக, மூன்றாவது சோவியத் பிடியைப் பின்னுக்குத் தள்ளும் கொள்கைக்காக. முதல் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் கென்னன் ஐசன்ஹோவரின் கட்சி கடுமையாக விமர்சித்த கொள்கையை வடித்தவர். ஜூலையில் மூன்று குழுக்களும் அதிபர் முன்னால் வாதாடின, அக்டோபரில் கொள்கை முடிவானது. சோலாரியம் திட்டம் என்று பெயர். நிராகரிக்கப்பட்ட பாதைகளுக்கும் முழு வாய்ப்பு கிடைத்ததால் எடுத்த முடிவு உறுதியாக நின்றது. இன்றைய வரைவுகளில் பெரும்பாலும் இந்த வாதம் நடப்பதே இல்லை. எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வாக்கியத்தைத் தேடுவதிலேயே காலம் போய்விடுகிறது.

இதை எழுத எவ்வளவு காலம் பிடிக்கும்?

சில மாதங்களிலிருந்து ஒன்றரை ஆண்டு வரை. ஜெர்மனி 2022 மார்ச் மாதத்தில் தொடங்கியது. வெளியுறவு அமைச்சகம் முன்னின்று, பொதுமக்களுடன் கலந்துரையாடல்களும் நடந்தன. 2023 பிப்ரவரியில் நடந்த மியூனிக் பாதுகாப்பு மாநாட்டுக்குள் முடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது, வந்ததோ ஜூனில். மூன்று கட்சிக் கூட்டணி என்பதால் ஒவ்வொரு பத்தியும் பேரம். தேசியப் பாதுகாப்பு மன்றம் ஒன்றை அமைப்பதா என்ற கேள்வியில் ஒத்துப்போக முடியாமல் அதை விட்டுவிட்டே ஆவணத்தை முடித்தார்கள். அடுத்து வந்த அரசுதான் 2025ல் அந்த மன்றத்தை அமைத்தது.

சட்டப்படி வெளியிட்டே ஆக வேண்டுமா?

பெரும்பாலான நாடுகளில் அப்படிக் கட்டாயம் இல்லை, அரசு நினைத்தால் வெளியிடும். அமெரிக்காவில் சட்டம் இருக்கிறது. 1986ஆம் ஆண்டின் கோல்ட்வாட்டர்-நிக்கல்ஸ் சட்டம், அதிபர் ஆண்டுதோறும் காங்கிரஸுக்கு, அதாவது அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு, உத்தி அறிக்கை தர வேண்டும் என்கிறது. முதல் அறிக்கையை 1987 ஜனவரியில் ரீகன் தந்தார். ஸ்பெயினில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை உத்தியைத் திருத்த வேண்டும்.

சட்டம் இருப்பது வேறு, நடப்பது வேறு. ஆண்டுதோறும் என்று எழுதியிருந்தும் இளைய புஷ் எட்டு ஆண்டுகளில் இரண்டுதான் தந்தார், 2002லும் 2006லும். ஒபாமாவும் இரண்டு, 2010லும் 2015லும். தராததற்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. ஆனாலும் அந்தச் சட்டம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். எந்த அதிபரும் எழுதாமலே பதவிக்காலத்தை முடித்ததில்லையே.

எதிரியும் படிப்பானே! நம் திட்டத்தை நாமே ஏன் வெளியில் சொல்ல வேண்டும்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நியாயமான கேள்வியும்கூட. எதிரி படிக்க வேண்டும் என்பதற்காகவே சில வரிகள் எழுதப்படுகின்றன. இந்தக் கோட்டைத் தாண்டினால் சும்மா இருக்கமாட்டோம் என்பதை ரகசியமாக வைத்திருந்தால் அது யாரைத் தடுக்கும்? கூட்டாளிகளும் படிக்கிறார்கள். தங்கள் நாட்டின் பெயர் எந்தப் பக்கத்தில், எந்த அடைமொழியோடு வருகிறது என்று தூதரகங்களில் முதல் நாளே தேடிப் பார்ப்பார்கள்.

அப்புறம், பலரும் யோசிக்காத வாசகர் ஒருவர் உண்டு: சொந்த அரசின் அதிகாரி. துறைமுகத்தில் சரக்குச் சோதனையைப் பார்ப்பவர், பல்கலைக்கழக ஆய்வு நிதியை ஒதுக்குபவர், மின்கட்டமைப்பைக் காப்பவர் ஆகியோரில் பலர் ரகசிய ஆவணங்களைப் பார்க்கும் அனுமதி இல்லாதவர்கள். தேசத்தின் முன்னுரிமை என்ன என்று அவர்களுக்குத் தெரிவிக்க வெளிப்படையான ஆவணத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

இவற்றைவிட முக்கியமானது என்று நான் நினைப்பது வேறொன்று. வரி கட்டுபவரும், பிள்ளையைப் படைக்கு அனுப்புபவரும், எதற்காக என்று கேட்க உரிமை உள்ளவர்கள். வெளியிட்ட பிறகு அரசு சொன்ன சொல்லை வைத்தே அரசைக் கேள்வி கேட்கலாம். எழுதாத உத்தியில் தோல்வியே வராது. எது நடந்தாலும் "இதைத்தான் நினைத்தோம்" என்று சொல்லிவிடலாம்.

அப்படியானால் வெளியிடுவது முழு ஆவணமா, பாதி ரகசியமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்கப் படைத்துறை உத்தியின் ரகசிய வடிவம் 2022 மார்ச்சில் காங்கிரஸுக்குப் போனது, பொது வடிவம் அக்டோபரில் வந்தது. மேலே சொன்ன ஆஸ்திரேலிய ஆய்வும் 2023 பிப்ரவரியில் ரகசியமாக அரசிடம் தரப்பட்டு, ஏப்ரலில் ரகசியம் நீக்கிய வடிவம் வெளியானது. பாகிஸ்தான் 2022 ஜனவரியில் 2022-2026க்கான கொள்கையின் பொதுப் பதிப்பை மட்டும் வெளியிட்டது, முழு ஆவணம் ரகசியமாகவே இருந்தது.

முழுக்க ரகசியமாக எழுதப்பட்டு வரலாற்றையே திருப்பிய ஆவணமும் உண்டு. என்.எஸ்.சி. 68 என்று பெயர் (என்.எஸ்.சி. என்பது அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு மன்றத்தின் சுருக்கம்), 1950 ஏப்ரலில் வெளியுறவுத் துறை அதிகாரி பால் நிட்சே தலைமையில் எழுதியது. பனிப்போர் காலத்து அமெரிக்கப் படைப்பெருக்கத்துக்கு அடித்தளம் போட்டது அதுதான். பொதுமக்கள் அதைப் படிக்க முடிந்தது 1975ல். அத்தனை பெரிய முடிவு பற்றிய வாதத்தைக் கால் நூற்றாண்டு கழித்துப் படிக்க நேர்ந்தது சரியா என்று கேட்டால், சரியல்ல என்பதே என் பதில்.

படித்துப் பார்த்தேன். எல்லா நாடும் ஒரே மாதிரிதான் எழுதுகிறது. இதில் என்ன தெரிந்துகொள்ள முடியும்?

ஒரே ஓர் ஆவணத்தைத் தனியாகப் படித்தால் அப்படித்தான் தோன்றும். அதே நாட்டின் முந்தைய ஆவணத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஜப்பான் 2013ல் தன் முதல் உத்தியில் சீனாவின் நடவடிக்கைகளை ஜப்பான் உள்ளிட்ட உலக நாடுகளின் கவலைக்குரிய விஷயம் என்ற அளவில் எழுதியது. 2022 டிசம்பர் உத்தியில் அது முன்னெப்போதும் இல்லாத, மிகப் பெரிய உத்திசார் சவால் ஆகிவிட்டது. பிரிட்டன் 2021ல் சீனாவை அமைப்பு ரீதியான போட்டியாளர் என்றது. இரண்டே ஆண்டில் அந்தச் சொல் போய், யுகத்தையே தீர்மானிக்கக்கூடிய சவால் என்று வந்தது. ஒரு சொல்லை மாற்ற அமைச்சகங்களுக்குள் எத்தனை கூட்டம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வரிசையையும் பாருங்கள். அமெரிக்க உத்தியில் உலகப் பகுதிகள் ஒவ்வொன்றாக வரும். 2017லும் 2022லும் முதலில் வந்தது இந்தோ-பசிபிக். 2017ல் மேற்கு அரைக்கோளம், அதாவது அமெரிக்கக் கண்டங்கள், கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது. 2025 டிசம்பரில் வெளிவந்த உத்தியில் அதுவே முதல் இடத்துக்கு வந்துவிட்டது, ஆசியா அதற்குப் பிறகு. உள்ளே ஒரு பத்தியும் படிக்காமல் உள்தலைப்புகளை மட்டும் பார்த்தாலே இந்தத் திருப்பம் கண்ணில் படும்.

மூன்றாவது, எதைச் செய்யமாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்களா? பெரும்பாலான உத்திகள் தவறுவது இங்கேதான். இருபது ஆபத்தை அடுக்கி, இருபதுக்கும் முன்னுரிமை என்று எழுதினால் அங்கே முன்னுரிமையே இல்லை.

பணத்தைப் பற்றிப் பேசாத உத்தியால் என்ன பயன்?

சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். என்.எஸ்.சி. 68ல் செலவுக் கணக்கே கிடையாது, வேண்டுமென்றே விட்டிருந்தார்கள். ட்ரூமன் உடனே ஒப்புதல் தரவில்லை, எவ்வளவு ஆகும் என்று கேட்டார். ஜூனில் கொரியப் போர் வெடித்த பிறகுதான் அது கொள்கையானது, படைச்செலவும் மளமளவென்று ஏறியது. போர் வந்திராவிட்டால் அந்தக் காகிதத்தின் கதி வேறாக இருந்திருக்கலாம்.

பிரிட்டன் 2010 அக்டோபரில் உத்தியையும் பணத்தையும் ஒரே வாரத்தில் கொண்டுவந்தது: 18ஆம் தேதி பாதுகாப்பு உத்தி, 19ஆம் தேதி படைத்துறை மறுஆய்வு, 20ஆம் தேதி அரசுச் செலவுக் குறைப்பு. மூன்றும் அடுத்தடுத்த நாளில் வந்ததால், செலவைக் குறைக்கத்தான் உத்தியை வளைத்தார்களோ என்ற சந்தேகமும் கூடவே வந்தது. ஜப்பான் 2022ல் உத்தி, படைத்துறை உத்தி, படைக் கட்டமைப்புத் திட்டம் என்ற மூன்றையும் ஒரே நாளில் அமைச்சரவையில் நிறைவேற்றி, ஐந்து ஆண்டுக்கு சுமார் 43 டிரில்லியன் யென் என்று தொகையையும் எழுதிவிட்டது. ஜெர்மனியோ, ஒட்டுமொத்த மத்திய பட்ஜெட்டில் கூடுதல் சுமை இல்லாமல் எல்லாவற்றையும் செய்வோம் என்று எழுதியது. இவற்றில் நான் மதிப்பது ஜப்பானின் வழியை. தொகை போதுமா, வரி எங்கிருந்து வரும் என்று அங்கே சண்டை நடந்தது உண்மைதான். சண்டை போட ஓர் எண்ணாவது இருந்ததே.

ஆட்சி மாறினால் குப்பைக்குப் போய்விடுமா?

பெயர் போகும், உள்ளடக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஆஸ்திரேலியாவில் 2013 ஜனவரியில் ஜூலியா கில்லார்ட் அரசு முதல் தேசியப் பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது. செப்டம்பரில் ஆட்சி மாறியதும் அது ஓரங்கட்டப்பட்டது. அதே சமயம் சீனாவுடனும் ரஷ்யாவுடனும் வல்லரசுப் போட்டி திரும்பிவிட்டது என்று டிரம்ப் அரசு 2017ல் சொன்னதை பைடன் அரசு 2022ல் தன் நடையில் தொடர்ந்தது. எந்தப் பகுதி ஆட்சி மாற்றத்தைத் தாண்டி நிற்கிறதோ அதை நாட்டின் நிலைப்பாடு என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆபத்தைச் சரியாகக் கணித்தும் கோட்டை விட்ட கதை உண்டா?

பிரிட்டனைச் சொல்லலாம். 2010லும் 2015லும் பெருந்தொற்று அங்கே முதல் அடுக்கு, அதாவது மிக முக்கியமான, ஆபத்துகளில் இருந்தது. 2016ல் ஒத்திகையும் நடந்தது. 2020ல் கோவிட் வந்தபோது தயார்நிலை அந்த அடுக்குக்கு ஏற்றதாக இல்லை. அந்நாட்டு விசாரணை ஆணையம் 2024 ஜூலையில் தந்த முதல் அறிக்கை, ஃப்ளூ காய்ச்சலை மட்டும் மனதில் வைத்து, தவறான தொற்றுக்குத் திட்டமிட்டிருந்தார்கள் என்று சொன்னது.

இதை உத்தியின் தோல்வி என்று மட்டும் பார்க்கக் கூடாது. பட்டியலில் ஓர் ஆபத்தைச் சேர்ப்பது ஒருவர் வேலை, அதற்கு முகக்கவசம் வாங்கிக் கிடங்கில் வைப்பது இன்னொருவர் வேலை. இரண்டாமவர் யார், எந்தத் தேதிக்குள் என்று எழுதாத வரை முதல் அடுக்கு என்ற சொல்லுக்குப் பலம் இல்லை. எதை எழுதியிருந்தார்கள் என்பது பொதுவெளியில் இருந்ததால்தான் இந்த இடைவெளியை இவ்வளவு துல்லியமாகக் காட்ட முடிந்தது. எதிரி படிப்பானே என்ற கேள்விக்கான பதிலில் கடைசிப் பத்தியை இத்துடன் சேர்த்துப் படியுங்கள்.

நாடாளுமன்றம் ஒப்புதல் தர வேண்டாமா?

பெரும்பாலும் தேவையில்லை, இது நிர்வாகத்தின் ஆவணம். ஆனால் கண்காணிக்கலாம். பிரிட்டனில் இரு அவைகளின் உறுப்பினர்களும் அடங்கிய கூட்டுக் குழு ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அமைச்சர்களைக் கூப்பிட்டு விசாரிக்கும், அறிக்கை எழுதும்.

ஆவணம் ஒன்று சொல்கிறது, தலைவர் வேறு பேசுகிறார். எதை நம்புவது?

2017 டிசம்பர் 18ஆம் தேதி இது ஒரே நாளில் நடந்தது. வெளியான ஆவணம் ரஷ்யா அமெரிக்காவின் பலத்தைக் குலைக்க முயல்கிறது என்றது. அதை வெளியிட்டுப் பேசிய டிரம்ப், அமெரிக்க உளவுத் தகவலால் ஒரு பயங்கரவாதத் தாக்குதல் தடுக்கப்பட்டதற்காக புதின் தொலைபேசியில் நன்றி சொன்னதை எடுத்துச் சொல்லி, ஒத்துழைப்பைப் பற்றிப் பேசினார்.

இப்படி முரண்படும்போது பட்ஜெட்டையும் படை நகர்வையும் பாருங்கள். அடுத்து வந்த படைத்துறை உத்தியும் செலவும் ஆவணத்தின் பக்கமே சாய்ந்தன. தலைவரின் விருப்பமும் ஆவணமும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இளைய புஷ்ஷின் 2002 உத்தி எடுத்துக்காட்டு. ஆபத்து முழு உருவெடுக்கும் முன்பே தாக்கலாம் என்று அந்த செப்டம்பரில் எழுதினார்கள், அடுத்த மார்ச்சில் இராக் மீது படையெடுத்தார்கள். அதை முன்கூட்டியே படித்தவர்களுக்கு அந்தப் போர் திடீரென்று வந்ததல்ல.

இந்தியாவுக்கு இப்படி ஓர் ஆவணம் இருக்கிறதா?

தேசியப் பாதுகாப்பு உத்தி என்ற பெயரில் இந்தியா எதையும் வெளியிட்டதில்லை. அதற்கான அமைப்புகள் உண்டு. தேசியப் பாதுகாப்பு மன்றம் 1998ல் அமைந்தது. 2018ல் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையில் அமைந்த பாதுகாப்புத் திட்டக் குழுவின் பொறுப்புகளில் உத்தியை வரைவதும் ஒன்று. துண்டு துண்டாகச் சில ஆவணங்கள் பொதுவெளியில் இருக்கின்றன: அணு ஆயுதக் கோட்பாட்டின் சுருக்கம் 2003 ஜனவரி 4ஆம் தேதி வந்தது, கடற்படை 2015ல் கடல்சார் பாதுகாப்பு உத்தியை வெளியிட்டது, முப்படைகளுக்கான கூட்டுக் கோட்பாடு 2017ல் வந்தது.

வேண்டாம் என்பவர்களின் வாதம் எளிது: கொள்கையும் நடைமுறையும் இருக்கும்போது தாள் எதற்கு, எழுதிவிட்டால் கை கட்டிப்போகும். கை கொஞ்சம் கட்டத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். அந்த அணுக் கோட்பாட்டையே பாருங்கள். முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று எழுதி வெளியிட்டது நாட்டைப் பலவீனப்படுத்தவில்லை. அதை மாற்றலாமா என்று யாராவது பேசினால் உடனே நாடு முழுவதும் விவாதம் கிளம்புகிறது. எழுதி வைத்த வரி இருப்பதால் கிளம்பும் விவாதம் அது.

சரி, படிக்கலாம் என்று முடிவு செய்துவிட்டேன். எங்கிருந்து தொடங்க?

ஜப்பானின் 2013, 2022 உத்திகளிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் அதிக நீளமில்லாதவை, ஆங்கில வடிவம் அரசுத் தளங்களில் இலவசமாகக் கிடைக்கும். முன்னுரையைத் தாண்டி நேராக ஆபத்துகளைப் பட்டியலிடும் பகுதிக்குப் போங்கள். ஒரு தாளில் இரண்டு நெடுவரிசை போட்டு, 2013ல் என்ன சொல், 2022ல் என்ன சொல் என்று நாடு நாடாகக் குறித்துக்கொண்டே போங்கள். அப்புறம் ரஷ்யா பற்றிய வரிகளுக்கு வாருங்கள். 2013ல் ஒத்துழைப்பை வளர்க்க வேண்டிய நாடாக இருந்தது 2022ல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதை முடித்த பிறகு அமெரிக்காவின் 2022, 2025 உத்திகளை இதே மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.